மொபைல் ஸ்டார்ட்டருக்கு ஸ்பெக் எழுதச் சொல்லிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

கிணத்துக்கடவு_சி எழுதியது:

வணக்கம். கோவையில் பம்ப் மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர், பேனல் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) எழுதுகிறேன். இதுவரை யாரோ எழுதிக் கொடுத்த ஸ்பெக்கை, அதாவது பெட்டி என்னென்ன செய்ய வேண்டும் என்ற விவரத் தாளைப் பார்த்து சி கோடு எழுதுவது மட்டும்தான் என் வேலை. இப்போது புதிதாக ஒரு மொபைல் ஸ்டார்ட்டர் செய்யப் போகிறோம். தோட்டத்து போர்வெல் மோட்டாரைப் போனிலிருந்தே ஆன், ஆஃப் செய்யும் பெட்டி. "ஸ்பெக்கையும் நீயே எழுதிடு" என்று சொல்லிவிட்டார் முதலாளி. கையில் இருப்பது விற்பனைப் பிரிவு கொடுத்த ஒரே ஒரு தாள். அதில் உள்ளது இவ்வளவுதான்:

1. எஸ்எம்எஸ் அல்லது மிஸ்டு காலில் மோட்டார் ஆன்/ஆஃப் ஆக வேண்டும்.
2. கரன்ட் வந்ததும் தானாக ஓட வேண்டும் (ஆட்டோ).
3. சிங்கிள் ஃபேஸிங் (மூன்றில் ஒரு ஃபேஸ் போவது), லோ வோல்டேஜ், ட்ரை ரன் (தண்ணீர் இல்லாமல் ஓடுவது) பாதுகாப்பு வேண்டும்.
4. மோட்டார் ஓடுகிறதா என்று பதில் எஸ்எம்எஸ் வர வேண்டும்.
5. ஐந்து நம்பர் வரை பதிவு செய்யலாம்.
6. விவசாயிக்கு எளிதாகவும் நம்பகமாகவும் இருக்க வேண்டும்.

நெட்டில் தேடி, ஸ்பெக் எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 29148-இன்படி ஒரு டெம்ப்ளேட் எடுத்தேன். தலைப்புகளே பல பக்கம் ஓடுகின்றன. "நோக்கம்", "எல்லை", "வரையறைகள்" எல்லாம் நிரப்பியாயிற்று. நிஜமான பகுதிக்கு வந்ததும் மேலே உள்ள ஆறு வரிகளையே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், அவ்வளவுதான் வருகிறது. இத்தனை சின்னப் பெட்டிக்கு இது தேவையா? தேவை என்றால் உள்ளே என்னதான் எழுதுவது?

---

குறுக்குவழி எழுதியது:

ஸ்பெக் எல்லாம் ராக்கெட் விடுகிறவர்களுக்கு, பாஸ். ஒரு பெட்டி செய்யுங்கள், நாலு தோட்டத்தில் மாட்டுங்கள், என்ன திட்டு வருகிறதோ அதைச் சரி செய்யுங்கள். ரெண்டு மாதத்தில் ப்ராடக்ட் ரெடி.

---

பழைய_ஏவியானிக்ஸ் எழுதியது:

பெங்களூரில் விமான மென்பொருளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் என் பேச்சு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறுக்குவழி சொன்னதில் பாதி சரி. தோட்டத்தில் மாட்டிப் பார்க்கத்தான் வேண்டும். எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரியாமல் மாட்டினால், மோட்டார் ஓடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுத் திரும்பி வருவீர்கள். நல்ல வோல்டேஜும் போரில் நிறைய தண்ணீரும் இருந்தால் எந்தப் பெட்டியும் ஓடும்.

ராக்கெட் பேச்சு வந்ததால் அதையே எடுத்துக்கொள்வோம். 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. நாற்பது வினாடிக்குள் சிதறிவிட்டது. 64 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது இடம் போதவில்லை என்பது எல்லோரும் சொல்லும் காரணம். கல்லூரியில் கதை இதோடு முடிந்துவிடும். ழாக் லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படித்துப் பாருங்கள், நமக்கு வேண்டியது அதற்குப் பிறகுதான் வருகிறது.

எண்ணை மாற்றும் இந்த வேலை நடந்தது, ராக்கெட் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று சொல்லும் கருவியில். அது முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-இலிருந்து மென்பொருளோடு சேர்த்து எடுத்தது. அங்கே ஒழுங்காக ஓடியது. ஏரியான் 5 கிளம்பிய தொடக்கத்திலேயே அதன் கிடைமட்ட வேகம் ஏரியான் 4-ஐவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவாகக் கூடும். இந்தப் புதிய பாதையின் விவரம் கருவியின் ரெக்வயர்மென்ட்டில் (தேவைப் பட்டியலில்) இல்லை. மறந்தும் போகவில்லை. சேர்க்க வேண்டாம் என்று எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டே விட்டார்கள். ஆக, கருவிக்கு எழுதிய தாளில் ஏரியான் 5 என்ற உலகமே கிடையாது.

இப்படி இடம் போதாமல் போகக்கூடிய மாறிகள் ஏழு இருந்தன. நான்குக்குப் பாதுகாப்பு போட்டார்கள், மூன்றை விட்டார்கள். கம்ப்யூட்டரின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஓர் இலக்கு இருந்தது, அதனால். ஏரியான் 4-க்கு அது நியாயமான முடிவு. ஏன் விட்டோம் என்ற காரணத்தைக் கோடில் எங்கும் எழுதி வைக்கவில்லை, பிறகு பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு முடிவு எடுத்ததே தெரியவில்லை. எக்செப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) வந்தால் ப்ராசசரை நிறுத்து என்று ஸ்பெக்கில் இருந்தது, அதன்படியே கருவி நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள்தான், அதே காரணத்தால் அது முந்தைய 72 மில்லிசெகண்ட் சுற்றிலேயே நின்றிருந்தது. இதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கணக்கே ஏரியான் 5-க்குக் கிளம்பிய பிறகு தேவையில்லை. ஏரியான் 4-இல் கவுன்ட்டவுன் கடைசி நொடிகளில் நின்றுபோனால் சீக்கிரம் மறுபடி தொடங்குவதற்காக வைத்த வசதி அது.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். டெம்ப்ளேட்டை மூடி வையுங்கள். முதலில் ஒரு தாளில் பெட்டிக்கு வெளியே இருப்பதை மட்டும் எழுதுங்கள். அந்தத் தோட்டத்தில் மின்சாரம் எப்படி வருகிறது? டவர் எப்படி இருக்கிறது? மோட்டார் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது? பெட்டியை யார் யார் தொடுவார்கள்? போன் யாரிடம் இருக்கும்? விற்பனைப் பிரிவு கொடுத்த ஆறு வரியிலும் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறது. அது இருக்கப் போகிற இடம் எப்படிப்பட்டது என்று ஒரு வரிகூட இல்லை.

உங்கள் 4-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். "மோட்டார் ஓடுகிறதா." பெட்டிக்கு என்ன தெரியும்? மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டருக்குச் சிக்னல் கொடுத்தது தெரியும். கரன்ட் சென்சார் வைத்தால் ஆம்பியர் தெரியும். விவசாயி கேட்பது வாய்க்காலில் தண்ணீர் போகிறதா என்று. இந்த மூன்றும் வேறு வேறு, எதை வைத்து எதைச் சொல்கிறோம் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் லுஃப்தான்சாவின் ஏ320 ஒன்று நனைந்த ஓடுபாதையில் இறங்கியது. வேகத்தைக் குறைக்க இறக்கை மேலுள்ள பலகைகள் விரிய வேண்டுமானால், விமானம் தரையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்ப வேண்டும். இரு பக்கச் சக்கரக் கால்களிலும் எடை விழ வேண்டும், அல்லது சக்கரங்கள் வேகமாகச் சுழல வேண்டும், இதுதான் நிபந்தனை. அன்று ஒரு பக்கக் கால் முதலில் தொட்டது. சக்கரம் தண்ணீர் மேல் வழுக்கியதால் சுழலவில்லை. மற்றக் கால் தரையைத் தொட ஏறத்தாழ ஒன்பது வினாடி ஆனது, அதுவரை பலகைகள் விரியவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் மோதியது, இருவர் இறந்தார்கள். மென்பொருள் எழுதியபடிதான் நடந்தது.

வாக்கியம் அமைக்க வழி வேண்டுமானால் ரோல்ஸ் ராய்ஸில் அலிஸ்டர் மேவினும் சகாக்களும் செய்து 2009-இல் வெளியிட்ட ஈயர்ஸ் முறையைப் பாருங்கள். இன்னது நடந்தால், இந்த நிலையில் இருக்கும் வரை, இந்தக் கோளாறு வந்தால் என்று சில அச்சுகள், அவ்வளவுதான். ஒவ்வொன்றின் கீழும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். நீங்கள் வேலை மாறிய பிறகு இன்னொருவர் அந்த வரியை எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அது ஒன்றுதான் உதவும்.

6-ஆவது வரியை அடித்துவிடுங்கள். எளிது, நம்பகம் என்பதை யாராலும் சோதிக்க முடியாது.

---

வைண்டிங்_கடை எழுதியது:

பொள்ளாச்சி ரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஸ்பெக், ஏரோப்ளேன் எல்லாம் நமக்குத் தெரியாது. எரிந்த மோட்டார் எல்லாம் என்னிடம்தான் வரும், அதனால் சொல்கிறேன்.

தம்பி, சிங்கிள் ஃபேஸிங் பாதுகாப்பு என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போனால், போன ஃபேஸிலும் மோட்டாரே வோல்டேஜ் உண்டாக்கிக் காட்டும். வோல்டேஜை மட்டும் பார்க்கும் பெட்டி மூணும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். மீதி ரெண்டில் கரன்ட் ஏறிக் காயில் கருகிவிடும். கரன்ட்டையும் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் இடங்களில், ரெண்டு ஃபேஸ் இருக்கும்போது கெப்பாசிட்டர் போட்டு மோட்டார் ஓட்டுகிறவர்கள் உண்டு. நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. உங்கள் பெட்டி அதைத் தடுத்தால் மறுநாளே வயரை நேராகக் கொடுத்துப் பெட்டியை பைபாஸ் செய்துவிடுவார்கள். அப்புறம் ட்ரை ரன் பாதுகாப்பும் சேர்ந்து போச்சு.

ஆட்டோ என்றால் இன்னொரு தொல்லை. கரன்ட் வந்ததும் அந்த டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் எழும். ஓடும்போது எடுக்கிற கரன்ட்டைப் போல அஞ்சாறு மடங்கு எழும்போது எடுக்கும். வோல்டேஜ் படுத்துவிடும், உங்கள் பெட்டி லோ வோல்டேஜ் என்று நிறுத்தும், ஏறினதும் மறுபடி போடும், மறுபடி நிறுத்தும். கான்டாக்டர் டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். என்ஆர்வி (தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு) சரியில்லாத போரில் மோட்டார் நின்றதும் குழாய்த் தண்ணீர் கீழே இறங்கிப் பம்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அந்த நேரத்தில் ஆன் கொடுத்தால் ஷாஃப்ட் முறியும். முறிந்த ஷாஃப்ட் கடையில் கிடக்கிறது, வந்து பாருங்கள்.

ட்ரை ரன்னில் நின்ற பிறகு எவ்வளவு நேரம் கழித்துப் போடுவது? போருக்குப் போர் ஊற்று வேறு. அரை மணியில் ஏறுகிற போரும் உண்டு, நாள் முழுக்க வேண்டியதும் உண்டு. இதை விவசாயியே மாற்றுகிற மாதிரி வையுங்கள்.

அஞ்சு நம்பர் என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் அண்ணன் தம்பி மூணு பேருக்கு ஒரே கிணறு இருக்கும், ஆளுக்கு ஒரு நாள் முறை. ஒருத்தர் முறையில் இன்னொருத்தர் போனில் ஆஃப் செய்தால் பஞ்சாயத்து உங்கள் கம்பெனி வாசலுக்குத்தான் வரும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. நான் பேனலைத் திறந்து கையை உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறேன். தோட்டக்காரர் டவுனில் கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு மிஸ்டு கால் கொடுக்கிறார். அப்போது என் கை என்ன ஆகும்? உங்கள் தாளில் இதைப் பற்றி எங்கே இருக்கிறது?

---

டெஸ்ட்_பெஞ்ச் எழுதியது:

வைண்டிங் கடை அண்ணன் எழுதியதை அப்படியே ஸ்பெக்கில் ஒட்டலாம். நான் சோதனைப் பக்கம் இருப்பவன், ஒன்று மட்டும் சேர்க்கிறேன்.

மேல்மட்டத்தில் எழுதியது கீழே கோடுக்கு வந்து சேருகிறதா என்று பாருங்கள். நாசாவின் மார்ஸ் போலார் லேண்டர் 1999 டிசம்பர் 3 அன்று செவ்வாயில் இறங்கப் போனது, அப்புறம் சத்தமே இல்லை. விசாரணையில் மிகவும் சாத்தியமான காரணமாகச் சொன்னது இது: தரைக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் மேலே கால்கள் விரிந்த அதிர்ச்சியில், தரை தொட்டதைச் சொல்லும் சென்சார் ஒரு கணம் பொய்யாகத் துடித்தது. மென்பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. 40 மீட்டர் உயரத்தில் அந்தச் சென்சாரைப் பார்க்கத் தொடங்கியதும், தரைக்கு வந்துவிட்டோம் என்று எஞ்சினை நிறுத்தியது. 12 மீட்டர் உயரத்துக்கு வரும்வரை அந்தச் சென்சாரின் தகவலைப் பயன்படுத்தக் கூடாது என்று சிஸ்டம் ரெக்வயர்மென்ட்டில் தெளிவாகவே இருந்தது. மென்பொருள் ரெக்வயர்மென்ட்டில் பொய்த் துடிப்பைப் பற்றி எதுவும் இல்லை. கோடு எழுதியவர் தன் தாளைப் பார்த்துச் சரியாகவே எழுதினார். கால் விரியும் சோதனையும் செய்தார்கள். அப்போது சென்சார் வயரிங் தப்பாக இருந்ததால் துடிப்பு தெரியவில்லை. வயரிங்கைச் சரி செய்த பிறகு அந்தச் சோதனையை மறுபடி ஓட்டவில்லை. சோதனைக்காரனாக எனக்கு வயிறு எரிவது அந்தக் கடைசி வரிக்குத்தான்.

எனவே ஒவ்வொரு வரிக்கும் நேராக, எப்படிச் சோதிப்போம் என்று இப்போதே எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்த வரியில் ஏதோ கோளாறு. அப்புறம், எஸ்எம்எஸ் தாமதமாக வரும். காலையில் அனுப்பிய ஆன் மத்தியானம் வந்து சேர்ந்தால் என்ன செய்வீர்கள்?

---

கிணத்துக்கடவு_சி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதலாளியிடம் அந்தக் கை விஷயத்தைச் சொன்னதும் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். புதிதாக எழுதியதில் சில வரிகளைத் தருகிறேன், கிழித்துக் காட்டுங்கள்.

அ1. லோக்கல்/ரிமோட் சுவிட்ச் லோக்கலில் இருக்கும் வரை, போனிலிருந்து எந்த ஆன் கட்டளை வந்தாலும் மென்பொருள் அதை நிராகரித்து, "லோக்கலில் உள்ளது" என்று பதில் அனுப்ப வேண்டும். காரணம்: பேனலில் ஆள் வேலை செய்யலாம். சோதனை: சுவிட்சை லோக்கலில் வைத்துப் பதிவான எல்லா நம்பரிலிருந்தும் கட்டளை அனுப்பிப் பார்ப்பது.

அ2. ஆன் கட்டளையின் எஸ்எம்எஸ் சென்டர் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் பழையதானால் மோட்டாரை ஓட்டாமல், கட்டளை காலாவதி என்று பதில் அனுப்ப வேண்டும். காரணம்: தாமதமான செய்தி. ஆஃப் கட்டளைக்கு இது பொருந்தாது, எவ்வளவு பழையதானாலும் நிறுத்தலாம்.

அ3. ஆட்டோ மோடில் மின்சாரம் திரும்பினால், வோல்டேஜ் வரம்புக்குள் தொடர்ந்து நிற்க வேண்டும். அப்புறம் பெட்டிக்குப் பெட்டி மாறும் தாமதம் கழித்து மோட்டார் எழ வேண்டும். காரணம்: ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பல மோட்டார்கள்.

அ4. மோட்டார் நின்றதிலிருந்து குறைந்தபட்ச இடைவெளி முடியும் வரை எந்த வழியிலும் மறுபடி எழக் கூடாது. இடைவெளி எவ்வளவு என்பது முடிவாகவில்லை. பொறுப்பு: நான், வைண்டிங் கடை அண்ணனைக் கேட்டு நிரப்ப வேண்டும்.

அ5. ஆன் ஆன பிறகு 20 வினாடி கரன்ட் வரம்புக்குள் இருந்தால் "தண்ணீர் எடுக்கிறது" என்று பதில் அனுப்ப வேண்டும்.

ரெண்டு ஃபேஸ் கெப்பாசிட்டர் விஷயத்தில் இன்னும் சண்டை ஓயவில்லை. விற்பனைப் பிரிவு அதை அனுமதிக்கச் சொல்கிறது, வாரண்டி பார்ப்பவர் கூடவே கூடாது என்கிறார்.

---

பழைய_ஏவியானிக்ஸ் எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. அ4-இல் தெரியாததைத் தெரியாது என்று எழுதி, கூடவே பொறுப்பாளரையும் போட்டது பிடித்திருக்கிறது. ஆட்டோ தாமதத்துக்கும் அப்படியே செய்யுங்கள், "மாறும் தாமதம்" என்பதற்கு எல்லை வேண்டும்.

அ2 எஸ்எம்எஸ்ஸுக்குச் சரி. பெட்டியின் கடிகாரமே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி சேருங்கள். பேட்டரி தீர்ந்து பெட்டி 2000-ஆம் ஆண்டில் உட்கார்ந்திருந்தால் அந்த 5 நிமிடக் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

அ1 தப்பான இடத்தில் இருக்கிறது. "மென்பொருள் நிராகரிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். மென்பொருள் தொங்கினால், ரிலே ஒட்டிக்கொண்டால், வைண்டிங் கடைக்காரர் கை? இது சிஸ்டம் அளவிலான தேவை, அதை வயரிங்கிடம் ஒப்படையுங்கள். லோக்கலில் வைத்ததும் ரிமோட் ரிலேயிலிருந்து கான்டாக்டர் காயிலுக்குப் போகும் பாதையைச் சுவிட்சே நேரடியாக அறுக்க வேண்டும். மென்பொருளுக்கு மிச்சம், பதில் அனுப்பும் வேலை மட்டும். கான்டாக்டரின் முனைகளே உருகி ஒட்டியிருந்தால் இந்தச் சுவிட்சும் காப்பாற்றாது. ஆகையால் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்காமல் பேனலைத் தொடக் கூடாது என்று மூடியின் உள்பக்கம் தமிழில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அதுவும் ஒரு ரெக்வயர்மென்ட்தான், நம்பர் கொடுங்கள்.

அ5-இல் "தண்ணீர் எடுக்கிறது" என்பதை எடுத்துவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்தது ஆம்பியர் மட்டும். குழாய் உடைந்து பக்கத்துக் காட்டில் ஊற்றினாலும் ஆம்பியர் உங்கள் வரம்புக்குள்ளேயே இருக்கலாம். "மோட்டார் ஆன், லோடு சரி" என்று போடுங்கள்.

கெப்பாசிட்டர் சண்டையை நீங்கள் தீர்க்க வேண்டாம். இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, எந்த முடிவானாலும் காரணத்தோடு எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள்.

---

வைண்டிங்_கடை எழுதியது:

அந்த இடைவெளி என்னிடம் கேட்டால் எப்படி? போர் ஆழம், குழாய் சைஸ், என்ஆர்வி இருக்கிறதா எல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வாருங்கள். ஆழ போர் வைத்திருக்கிற ஆள் ஒருத்தர் அன்றைக்கு வருவார், அவர் தோட்டத்துக்கே போய் நிறுத்திப் பார்த்து, வாட்சை வைத்து அளந்துவிடலாம். ஸ்டிக்கரில் எழுத்து பெரிதாக இருக்கட்டும்.